கணக்கில் வராத காய்ச்சல்

போன மாதம் கடையில் இருந்த பழைய காகிதங்களை எடைக்குப் போடலாம் என்று பரணில் இருந்து இறக்கினேன். பில் புத்தகங்கள், மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த காலண்டர்கள், கரையான் தொட்ட அட்டைப்பெட்டிகள். அவற்றுக்கு நடுவே 2020ஆம் வருடத்து ஸ்டாக் நோட்டு கிடந்தது. எடைக்காரர் தராசோடு வாசலில் நிற்கும்போதே நான் அதைப் பிரித்து ஜூன் மாதப் பக்கங்களுக்குப் போய்விட்டேன். மற்றதையெல்லாம் போட்டேன். அந்த நோட்டைப் போட மனசு வரவில்லை.

மதுரையில் வைகைக்கு வடகரையில், செல்லூர்ப் பக்கம் ஒரு தெருவில் எனக்கு மருந்துக்கடை. பெரிய கடை இல்லை. கல்லாவில் நின்றபடியே கை நீட்டினால் கடைசி அலமாரி வரை எட்டிவிடும். டாக்டரிடம் போகுமுன் எங்கள் தெருக்காரர்கள் என்னிடம்தான் வருவார்கள். பாதிப் பேர் டாக்டரிடம் போவதே இல்லை.

அந்த நோட்டு சொல்லும் கதை இதுதான். மே மாதத்தில் ஒரு பெட்டி பாராசிட்டமால் பிரித்தால் பத்துப் பன்னிரண்டு நாள் வந்திருக்கிறது. ஜூன் இரண்டாம் வாரத்தில் ஒரு பெட்டி மூன்று நாள். நான்காம் வாரத்தில் காலையில் பிரித்த பெட்டி ராத்திரி காலி. பக்கத்திலேயே அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், விட்டமின் சி, இருமல் மருந்து எல்லாம் அதே வேகத்தில் தீர்ந்திருக்கின்றன. அந்த நாட்களில் சாயந்தரம் ஆனால் தொலைக்காட்சியில் மாவட்டவாரியாகக் கொரோனா எண்ணிக்கை சொல்வார்கள். சென்னைக்கு நேராக ஆயிரக்கணக்கில் வரும், மதுரைக்கு நேராகச் சின்ன எண் ஒன்று வரும். "மெட்ராஸ்லதாண்ணே எல்லாம். நமக்கு ஒண்ணும் பயமில்ல" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போனவர்களின் முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

எங்கள் தெருவில் காய்ச்சல் இருந்தது. இருமல் இருந்தது. உடம்பு வலி, வயிற்றுப்போக்கு இருந்தது. கொரோனா மட்டும் இல்லை. ஏனென்றால் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

யார்தான் சோதிக்கப் போவார்கள்? தனியார் லேபில் ஆர்டி-பிசிஆர் என்கிற கொரோனா சோதனைக்கு 4500 ரூபாய் வரை வாங்கலாம் என்று மார்ச்சில் ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சொல்லியிருந்தது. ஜூனில் தமிழக அரசு அதை 3000 ரூபாய் ஆக்கியது. மூன்று மாதம் வேலை இல்லாமல் இருந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் அங்கே போய் வெறும் காய்ச்சல் என்றால், வெளியூர் போனீர்களா, யாரோடு பழகினீர்கள் என்று கேட்டுவிட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பிய கதைகளை நான் தினமும் கேட்டேன். அறிகுறி இல்லாவிட்டாலும் நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களை ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் சோதிக்க வேண்டும் என்று மே மாதமே ஐசிஎம்ஆர் விதி வந்துவிட்டது. விதி சரிதான். ஆனால் முதல் நோயாளி யார் என்று தெரிந்தால்தானே அவரோடு பழகியவரைத் தேட முடியும்?

மதுரையில் சோதனையைக் கூட்டுங்கள் என்று எம்.பி. சு. வெங்கடேசன் அந்த நாட்களில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அதை அரசியல் பேச்சு என்று நினைத்தவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் கல்லாவுக்குப் பின்னால் இருந்த காலிப் பெட்டிகளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அது நிறையப் பேருக்குப் புரியவே இல்லை. நூறு பேரைச் சோதித்து இரண்டு பேருக்கு நோய் இருந்தால், நாம் பரவலாகத் தேடுகிறோம் என்று அர்த்தம். நூறு பேரில் இருபது பேருக்கு இருந்தால், மூச்சுத் திணறி வருகிறவர்களை மட்டும் சோதிக்கிறோம், வீட்டில் இருக்கிற மற்றவர்களை விட்டுவிட்டோம் என்று அர்த்தம். கட்டுப்பாடுகளைத் தளர்த்த வேண்டுமென்றால், இரண்டு வாரம் தொடர்ந்து அந்த விகிதம் ஐந்து சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதம் சொன்னது. எத்தனை பேருக்கு நோய் என்று தினமும் சொன்னார்கள். எங்கள் ஊரில் எத்தனை பேரைச் சோதித்ததில் அத்தனை பேர் என்பது அந்த வரியோடு சேர்ந்து வரவில்லை. அதைச் சேர்த்துச் சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் சொன்னால், அது மக்களுக்குப் பொய்யான தைரியத்தைத்தான் கொடுக்கும்.

ஜனங்கள் மேலும் தப்பு இருந்தது. ஆனால் அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. "சோதனைக்குப் போனா அள்ளிட்டுப் போயிருவாங்க" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் இருந்தது. ஒருவருக்கு இருக்கிறது என்று தெரிந்தால் தெரு முனையில் மூங்கில் கட்டி அடைப்பார்கள், வீட்டுக்கதவில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பதினான்கு நாள் வீட்டில் யாரும் வேலைக்குப் போக முடியாது. லேத் பட்டறையிலோ ஜவுளிக்கடையிலோ நாள்கூலிக்கு நிற்கிறவர் பதினான்கு நாள் எதை வைத்துச் சாப்பிடுவார்? ரேஷன் அட்டைக்கு 1000 ரூபாய் கொடுத்தார்கள். ஐந்து பேர் இருக்கிற வீட்டில் அது எத்தனை நாளைக்கு? சோதனைக்குப் போகாமல் இருந்தவர்களை நான் திட்டியிருக்கிறேன். ஆனால் அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் போயிருப்பேனா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கூட்டம் கூடியதைத்தான் இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. அதுவும் தெரிந்தே கூடியதை.

எங்கள் கடையில் இருந்து நாலு வீடு தள்ளி ஒரு காதுகுத்து. குலதெய்வக் கோயில் பூட்டிக் கிடந்ததால் வீட்டு மாடியிலேயே சாமியானா போட்டு வைத்துக்கொண்டார்கள். வைகாசி முடிவதற்குள் முடித்துவிட வேண்டும், ஆனியைத் தள்ளிவிட்டால் ஆடி வந்துவிடும் என்று அவசரம். ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை. கல்யாணத்துக்கே ஐம்பது பேர்தான் என்று சட்டம் இருந்த நேரம். "சொந்தக்காரங்க மட்டும்தாண்ணே" என்று சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர்கள் மட்டும் என்றாலே நூறு தாண்டிவிடும்.

மதுரைப் பக்கத்து விசேஷம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது வெறும் கொண்டாட்டம் இல்லை. பத்து வருடமாக ஊரெல்லாம் எழுதி வைத்த மொய் திரும்பி வருகிற நாள். மொய் நோட்டு என்பது எங்கள் ஜனங்களின் பேங்க் பாஸ்புக். ஊரடங்கில் வருமானம் நின்றுபோனவருக்குக் கையில் ரொக்கம் புரள வேறு வழி இல்லை. அதனால்தான் அந்த வீட்டுக்காரர் விசேஷத்தைத் தள்ளிப்போடவில்லை, நடத்தியே தீர்வது என்று நின்றார். வாங்கியவர்களும் வராமல் இருக்க முடியாது. வராவிட்டால் கடனை ஏமாற்றியதாக ஆகிவிடும். இதையெல்லாம் நான் அறிவேன். அறிந்தும் கோபம் வருகிறது. மொய்யை ஆள் மூலம் கொடுத்து அனுப்பலாம், போனில் அனுப்பலாம். நூற்றுச் சொச்சம் பேர் ஒரே மாடியில் உட்கார்ந்து, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கறிச்சோறு சாப்பிட வேண்டும் என்று மொய் நோட்டில் எழுதியிருக்கவில்லை.

அந்தக் குழந்தையின் தாய்மாமன் மதுரைக்குப் பக்கத்தில் இருக்கிற பரவை மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்குகிறவர். வெள்ளிக்கிழமை சாயந்தரம் கடைக்கு வந்தார். அக்கா வீட்டு வேலைக்காக முன்னாலேயே வந்துவிட்டாராம்.

"உடம்பு முறுக்குதுண்ணே. லேசா காய்ச்சல் மாதிரி. அக்கா மிளகு ரசம் வச்சுக் குடுத்துச்சு. வாசமே தெரியல."

சளி பிடித்தால் வாசம் தெரியாதுதான். அவருக்கு மூக்கு அடைக்கவில்லை, தும்மலும் இல்லை. எனக்கு ஏதோ உறுத்தியது. "ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்துருங்க" என்றேன். "ஞாயித்துக்கிழம விசேஷம்ண்ணே. நான் இல்லாம எப்படி? மருமகன மடியில வச்சுக் காது குத்தணும்ல" என்றார். மூன்று நாளைக்கு மாத்திரை கட்டிக் கொடுத்தேன். டாக்டர் சீட்டு இல்லாமல்தான் கொடுத்தேன். கூடவே அசித்ரோமைசினும் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கினால் அவர் தெம்பாக எழுந்து நடமாடுவார் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தெம்போடுதான் அவர் அந்த மாடிக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறந்து பேப்பரைப் பிரித்தேன். வாசனையும் சுவையும் தெரியாமல் போவதைக் கொரோனா அறிகுறிகளில் சேர்த்து மத்திய சுகாதார அமைச்சகம் முந்தின நாள் அறிவித்திருந்தது. அந்த வரியைப் படித்தபோது மாடியில் இருந்து மைக் செட் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் எழுந்து போயிருக்கலாம். நாலு வீடுதான். போய் அந்தத் தாய்மாமனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். விசேஷ வீட்டில் போய் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். உறுதியாகத் தெரியாமல் ஒருவர் மேல் பழி போடுவதா என்று யோசித்தேன். என் சித்தப்பா வேட்டி சட்டையோடு கடை வழியாகப் போனார். அவருக்கு 61 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை, மாத்திரை என்னிடம்தான்.

"சித்தப்பா, போகாதீங்க. மொய்ய நான் குடுத்து விடுறேன்."

"மொய்ய குடுத்து விடுவ. மூஞ்சிய யாருடா காட்டுறது?"

அவருடைய மகள் கல்யாணத்துக்கு அந்த வீட்டுக்காரர்கள் முதல் ஆளாக வந்து நின்றவர்கள். அதனால் அவர் போய்த்தான் ஆக வேண்டும். நான் காரணத்தைச் சொல்லவில்லை. பேப்பரை எடுத்துக் காட்டவில்லை. மாஸ்க்கைக் கழற்றாதீங்க என்று மட்டும் சொன்னேன். சரிடா என்று போனார்.

இந்த நோயின் போக்கை இப்போது எல்லோரும் அறிவார்கள். அறிகுறி வருவதற்கு இரண்டு நாள் முன்பே மற்றவருக்குத் தொற்றும். தொற்றியவருக்கு ஐந்தாம் நாள் வாக்கில் காய்ச்சல் அடிக்கும். அதற்குப் பிறகு ஒரு வாரத்தில், சிலருக்கு, மூச்சு வாங்கும். என் நோட்டில் இதே வரிசை இருக்கிறது. ஞாயிறு விசேஷம். வியாழன், வெள்ளியில் இருந்து அந்த வீட்டுக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் மாத்திரை. அடுத்த வாரம் தெருவில் பதினோரு வீட்டுக்கு. எல்லாம் "சும்மா காய்ச்சல்தாண்ணே, மாடியில வெயில்ல நின்னது."

அதற்குள் பரவை மார்க்கெட்டில் தொற்று பரவி, மார்க்கெட்டை மூடினார்கள். ஜூன் 24 முதல் மதுரை மாநகராட்சிக்கும் பரவைக்கும் சுற்றுவட்ட ஒன்றியங்களுக்கும் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. முந்தின நாள் செவ்வாய்க்கிழமை மளிகைக்கடைகளில் நின்ற கூட்டத்தை நான் பார்த்தேன். இது எங்களுக்குப் புதுசும் இல்லை. ஏப்ரலில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று ஒரே ஒரு நாள் இடைவெளி விட்டு அறிவித்தபோது, சென்னை கோயம்பேட்டிலும் எங்கள் ஊர் மார்க்கெட்டிலும் ஜனம் முண்டியடித்ததை ஊரே பார்த்தது. கோயம்பேட்டை மே 5ஆம் தேதி மூடினார்கள். அதற்குள் அங்கே வேலை பார்த்தவர்கள் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் அரியலூருக்கும் திரும்பிப் போய், நோயும் கூடவே போய்விட்டது. இத்தனையும் தெரிந்த பிறகும் இரண்டே மாதத்தில் அதே மாதிரி அறிவிப்பு, அதே மாதிரி கூட்டம். நோயைத் தடுக்கப் போட்ட உத்தரவே நோயைப் பரப்புகிற கூட்டத்தைக் கூட்டும் என்றால், அந்த உத்தரவைப் போடுகிற முறையை யாராவது மாற்றியிருக்க வேண்டாமா?

எங்கள் தெருவில் முதல் சோதனை நடந்தது ஜூன் 26ஆம் தேதி. விசேஷ வீட்டுக்காரரின் அம்மாவுக்கு மூச்சு முட்டி ஆட்டோவில் தூக்கிப்போன பிறகு. அப்புறம்தான் மாநகராட்சி ஆட்கள் வந்தார்கள், முகாம் போட்டார்கள், மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்தார்கள். வெயிலில் அந்த முழுக்கவச உடைக்குள் வியர்வையில் நனைந்து வேலை பார்த்த அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய முகாம் அது. ஜூன் நடுவில் சில நூறாக இருந்த மதுரை மாவட்டத்து எண்ணிக்கை ஜூலை முடிவதற்குள் பத்தாயிரத்தைத் தாண்டியது. ஒன்றரை மாதத்தில் அத்தனை பேருக்கும் புதிதாக வந்ததா? பாதி, தேடத் தொடங்கியதால் தெரிய வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சித்தப்பாவுக்கு ஜூன் 20ஆம் தேதி காய்ச்சல். நான்தான் மாத்திரை கொடுத்தேன். சோதனைக்குப் போவோம் என்றபோது சித்தி அழுதார். கூட்டிக்கொண்டு போய்விட்டால் திரும்பிப் பார்க்கவே விட மாட்டார்கள் என்று. ஆறு நாள் வீட்டிலேயே வைத்திருந்தோம். ஆக்சிஜன் அளவு 88க்கு இறங்கிய பிறகு, ஒரு ஸ்கேன் சென்டரில் சிடி எடுத்து, நுரையீரலில் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே மாதிரி எடுத்தார்கள். முடிவு வருவதற்குள், ஜூலை 2ஆம் தேதி விடியற்காலையில் இறந்துவிட்டார். முடிவு அதற்குப் பிறகு வந்தது. நெகட்டிவ்.

நாள் கடந்து எடுத்தால் மூக்கில் எடுக்கிற மாதிரியில் வைரஸ் சிக்காமல் போகலாம், நோய் நுரையீரலுக்கு இறங்கியிருக்கும் என்று ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். இறப்புச் சான்றில் நிமோனியா என்று எழுதினார்கள். ஆனால் உடம்பைப் பையில் சுற்றித்தான் கொடுத்தார்கள். நாங்கள் நாலு பேர் நின்றோம். இறப்புக்கு இருபது பேர் வரை வரலாம் என்று விதி. கேதம் கேட்க ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, வராமல் இருந்ததுதான் சரி. ஆனால் இந்தப் புத்தி மூன்று வாரம் முன்னால் அந்த மாடியில் வந்திருக்கக் கூடாதா என்று சுடுகாட்டில் நின்றபோது தோன்றியது. சித்தியும் அதையேதான் கேட்டார். "மூஞ்சியக் காட்டணும்னு போனாரே, இப்ப அவர் மூஞ்சியப் பாக்க யாரும் வரலையேடா."

ஜூலை 22ஆம் தேதி, சென்னையில் விடுபட்டுப்போன 444 மரணங்களை அரசு கணக்கில் சேர்த்தது. இறப்புப் பதிவேடுகளைத் தேடிப் பார்த்ததில் தெரிய வந்தது என்றார்கள். அதைக் கேட்டு எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, ஒரு நம்பிக்கை. இங்கேயும் யாராவது பதிவேட்டைப் புரட்டுவார்கள் என்று. சித்தப்பா எந்தக் கணக்கிலும் வரவில்லை. உச்ச நீதிமன்ற வழக்குக்குப் பிறகு 2021 கடைசியில் கொரோனாவில் இறந்தவர்கள் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கொடுத்தபோது சித்திக்காக நான் விண்ணப்பம் எழுதினேன். நெகட்டிவ் ரிப்போர்ட்டைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவரை இழந்தது போதாதென்று, எதனால் இழந்தோம் என்பதை நிரூபிக்கும் வேலையும் சித்தி தலையில் விழுந்தது.

நான் யார் மேல் கோபப்படுகிறேன் என்று என் மனைவி கேட்பாள். சோதிக்காத அரசு மேலா, கூட்டம் கூட்டிய வீட்டுக்காரர் மேலா? எனக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரியவில்லை. தொலைக்காட்சியில் மதுரைக்கு நேராக வந்த அந்தச் சின்ன எண்தான் அந்த விசேஷத்துக்குக் கிடைத்த அனுமதி. உண்மையான எண் வந்திருந்தால், எங்கள் வார்டில் நூற்றுக்கு இத்தனை பேர் என்று தெரிந்திருந்தால், சித்தப்பாவே போயிருக்க மாட்டார். அவர் பயப்படாதவர் இல்லை. பயப்பட வேண்டியதில்லை என்று அவருக்குச் சொல்லப்பட்டது.

இதற்குப் பிறகாவது பாடம் படித்தோமா? 2021 ஜனவரி 16ஆம் தேதி, தமிழ்நாட்டில் தடுப்பூசி போடும் பணியை முதலமைச்சர் எங்கள் ஊரில், ராஜாஜி அரசு மருத்துவமனையில்தான் தொடங்கி வைத்தார். எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது, நிம்மதியில். அதே நாள், அதே மாவட்டத்தில் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. பார்வையாளர்கள் பாதிப் பேர்தான், மாடுபிடி வீரர்களுக்குக் கொரோனா சோதனைச் சான்று வேண்டும் என்று விதிகள். கேலரியில் உட்கார்ந்திருக்கிற ஜனத்துக்கு என்ன சோதனை? அப்புறம் தேர்தல். ஏப்ரல் 6 வாக்குப்பதிவு வரைக்கும் எல்லாக் கட்சிக்காரர்களும் வேனில் ஏறி நின்று கும்பிட, ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. மே 21ஆம் தேதி மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேர். அதற்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும், தளர்வில்லா ஊரடங்குக்கு முன்னால் சாமான் வாங்கிக்கொள்ள என்று கடைகளைத் திறந்துவிட்டார்கள். மறுபடியும் அதே கூட்டம். அந்த மே மாதத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. அப்போது என் கடைக்கு வந்தவர்கள் மாத்திரை கேட்கவில்லை, ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்.

அந்தத் தாய்மாமன் பிழைத்துக்கொண்டார். ஒரு வாரம் காய்ச்சல், அவ்வளவுதான். அவருக்குச் சோதனையே நடக்கவில்லை, அதனால் அவரிடம் இருந்துதான் பரவியது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அவருக்கும் தெரியாது. இப்போதும் கடைக்கு வருவார். சித்தப்பாவைப் பற்றி ஒரு தடவை துக்கம் விசாரித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மாத்திரை கட்டிக் கொடுத்தவன் அவரிடம் என்ன சொல்ல?

போன வாரம் ஒரு பையன் வந்தான். இரண்டு நாளாகக் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி என்றான். டெங்கு சீசன். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் ரத்தம் பார்ப்பார்கள், இப்பவே போ என்றேன்.

"நாளைக்கு அக்காவுக்கு வளைகாப்புண்ணே. அது முடிஞ்சதும் போறேன். ரெண்டு நாளைக்கு மட்டும் ஏதாவது போட்டுக் குடுங்க."

பாராசிட்டமால் மட்டும் தருகிறேன், மற்றது சீட்டு இருந்தால்தான் என்றேன். மாசமாக இருக்கிற அக்கா பக்கத்தில் நீ காய்ச்சலோடு போய் நிற்காதே, முதலில் ரத்தம் பார் என்று சத்தமாகவே சொன்னேன். கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் சுருங்கிப்போய், பாராசிட்டமாலும் வாங்காமல் இறங்கிப் போனான். நான் கல்லாவை விட்டு வெளியே வந்து பார்த்தேன். தெரு முனையில் இன்னொரு மருந்துக்கடை இருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் அங்கிருந்து கையில் ஒரு கவரோடு இறங்கினான்.